மரைனர்ஸ் அணியில் ஒரே ஓர் இடம்

திரெஷ்வில், அபிஜான்
19 ஜனவரி 1997

தம்பி குவாமினாவுக்கு,

அக்கா எக்குவா எழுதுகிறேன். நாள் முழுக்கச் சந்தையில் நிற்பதால் கணுக்கால் வீங்குகிறது, மற்றபடி எனக்கு ஒன்றுமில்லை. நீ, மான்சா, பிள்ளைகள் இருவர் எல்லோரும் சுகமா? இந்தப் புழுதிக்காற்றுக்கு உனக்கு வரும் இருமல் இந்த வருஷமும் வந்துவிட்டதா?

மீன் லாரி ஓட்டும் சாலிஃபு போன வாரம் என் துணிக்கடைக்கு வந்தான். வந்தவன் சும்மா போகவில்லை.

"அக்கா, மரைனர்ஸ் பெரிய டீம்ல ஒன்பதாம் நம்பர் ஆடினவன் லாகோஸுக்குப் போயிட்டான். அந்த இடத்துக்கு இளைஞர் அணியிலேர்ந்து ஒருத்தனைத் தூக்கப் போறாங்களாம். செகொண்டி முழுக்க இதே பேச்சுதான்."

"ஒருத்தனைன்னா யாரை?"

"அது உன் தம்பி கையிலதானே இருக்கு? அவருதானே பசங்களுக்குக் கோச். ஆனா பிராக்டிஸ்ல ஃபீஃபிதான் முன்னால ஆடுறான். உன் பிள்ளையை ஓரத்துல நிறுத்தியிருக்காரு."

கையில் ஓடிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் துணியில் கோணலாகப் போய்விட்டது.

ஈபோவைப் பன்னிரண்டு வயதில் உன் வாசலில் விட்டுவிட்டு நான் பஸ் ஏறினேன். அவன் அப்பா கப்பலோடு போனவர், போனவர்தான். "போ அக்கா, இவன் என் ரத்தம்" என்று அன்றைக்கு நீதான் சொன்னாய். நம் குடும்பத்து வழக்கத்தை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உனக்குப் பிறகு உன் பெயரைச் சுமக்கப் போகிறவன் உன் அக்கா மகன். உன் மகன் ஃபீஃபி நல்ல பிள்ளைதான். ஆனால் நமக்குத் தாய்வழிதான் ரத்தம்; அவன் உன் பெண்டாட்டி மான்சா வீட்டுப் பிள்ளை. அவனைத் தாங்க அவனுடைய மாமன்கள் இருக்கிறார்கள். என் பிள்ளைக்கு நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

என்ன முடிவு செய்திருக்கிறாய் என்று எழுது. சீக்கிரம் எழுது.

உன் அக்கா,
எக்குவா


செகொண்டி
23 பிப்ரவரி 1997

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். இருமல் வந்தது, போய்விட்டது. உன் கணுக்காலுக்கு உப்புத் தண்ணீர் ஒத்தடம் கொடு என்று மான்சா எழுதச் சொன்னாள்.

சாலிஃபுவை மீன் ஏற்றும் வேலையை மட்டும் பார்க்கச் சொல்.

ஒருவன் மேலே போகிறான் என்பது உண்மை. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ஓர் ஆட்டம் வைத்திருக்கிறேன். கமிட்டிக்காரர்களும் பெரிய அணிக் கோச்சும் வந்து பார்ப்பார்கள். அதற்கு முன்னால் யார் என்று நான் வாயைத் திறக்கமாட்டேன். மான்சாவும் கேட்டுப் பார்த்துவிட்டாள். அவளுக்கும் இதே பதில்தான்.

ஈபோவைப் பற்றி நீ கேட்காததையும் சொல்கிறேன். அவன் இடது காலில் இருக்கும் அடி இந்தக் கரையில் வேறு எவனுக்கும் இல்லை. பந்து வலைக்குள் போன பிறகுதான் கோல்கீப்பர் பாய்கிறான். ஆனால் பந்து தனக்கு வராவிட்டால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறான். ஃபீஃபிக்கு அந்த அடி கிடையாது. அவன் ஓடுகிறான்; ஓடி ஓடி மற்றவனுக்கு வழி திறக்கிறான். ஓரத்தில் நிறுத்தினேன் என்றால், ஈபோவும் கொஞ்சம் ஓடிப் பழகட்டும் என்றுதான்.

வீட்டில் இருவருக்கும் ஒரே பானைச் சோறு, ஒரே பாய். ஆனால் மைதானத்துக்குள் கால் வைத்தால் நான் யாருக்கும் மாமனுமில்லை, அப்பனுமில்லை. இதைப் பற்றி இனி எழுதாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

குவாமினா


திரெஷ்வில்
9 மார்ச் 1997

குவாமினா,

நலம் விசாரிக்க மனசில்லை. ஆனாலும் விசாரிக்கிறேன், நான் வளர்ந்த விதம் அப்படி.

யாருக்கும் மாமனில்லையா? எழுதியதை நீயே ஒருமுறை வாய்விட்டுப் படி. ரயில் பட்டறை வேலையை விட்டுவிட்டுப் பந்து உதைக்கப் போகிறேன் என்று நீ முற்றத்தில் நின்ற அன்று அப்பா விறகுக்கட்டையை எடுத்தார். நடுவில் வந்து விழுந்தது யாருடைய முதுகு? "அக்கா, அக்கா" என்று அலறினாயே, அப்போது மட்டும் நான் அக்காவா? அந்த அடியை நான் வாங்காமல் இருந்திருந்தால் உனக்கு ஏது ஜெர்சி, ஏது கோச் வேலை, ஏது கமிட்டி?

இதெல்லாம் உன் பேச்சில்லை. மான்சா உன் காதில் ஊதுவதை நீ காகிதத்தில் துப்புகிறாய். ஒரே பானைச் சோறு என்கிறாய். அந்தப் பானையில் அடியில் கிடப்பது யார் தட்டுக்குப் போகிறது, மேலே மிதப்பது யார் தட்டுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாதா? பெண்டாட்டி பெற்றதைத் தூக்கிப்பிடித்துக் கூடப்பிறந்தவள் பெற்றதை மிதிக்கிற ஆணை நம் குடும்பத்தில் இதுவரை யாரும் பார்த்ததில்லை. நீ முதல் ஆளாக இரு.

ஃபீஃபியை மேலே ஏற்றினால் குடும்பத் தலைவர் முன்னால் உன்னை உட்கார வைப்பேன். அதோடு விடமாட்டேன். நீ சாகும் நாளில் உனக்கு அழ நானும் வரமாட்டேன், என் வீட்டுப் பெண் ஒருத்தியும் வரமாட்டாள். உன் பெண்டாட்டியின் அண்ணன்மார் வந்து உன்னைத் தூக்கிப் போடட்டும்.

நீடூழி வாழ்.

எக்குவா


செகொண்டி
6 ஏப்ரல் 1997

எக்குவா அக்காவுக்கு,

இருக்கிறோம்.

ஆட்டம் நடந்தது. ஃபீஃபிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். மைதானம் சரியில்லை.

ஈபோ பெரிய அணிக்குப் போகிறான். நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது.

சாலிஃபுவிடம் இனி வாய்ச்சொல்லாக எதையும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

குவாமினா


திரெஷ்வில்
27 ஏப்ரல் 1997

தம்பிக்கு,

நான் நலம். கணுக்கால் வீக்கம்கூட இறங்கிவிட்டது. உன் மகனின் கால் சீக்கிரம் கூடட்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும் கடையைச் சாத்திவிட்டுச் சர்ச்சுக்குப் போனேன். திரும்பி வந்து பக்கத்துக் கடைக்காரிகளுக்கெல்லாம் இஞ்சிச்சாறு வாங்கிக் கொடுத்தேன். "என்ன விசேஷம் எக்குவா, புருஷன் திரும்பி வந்துட்டானா?" என்று கேலி செய்தார்கள். "அவன் கெடக்கான், என் பிள்ளை மரைனர்ஸ்ல ஒன்பதாம் நம்பர்" என்றேன்.

ஃபீஃபிக்கு நான் கெடுதல் நினைத்தவளில்லை. சின்ன வயசு எலும்பு, மழைக்காலம் முடிவதற்குள் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மனுஷன் மாற்றி எழுதப் பார்த்ததைக் கடவுள் ஒரே நாளில் திருத்தி எழுதிவிட்டார் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வாயா? கோபித்துக்கொள். உண்மை அதுதான்.

ஒரு புட்டி எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். இங்கே பெரியவர் ஒருவர் ஓதிக் கொடுத்தது. ஃபீஃபியின் காலில் தடவச் சொல்.

அது சரி, என்றைக்கிலிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன்? தெருவில் போகிறவளுக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். சாலிஃபுவிடம் என்ன வாய்ச்சொல்? நான் யாருக்கு என்ன சொல்லி அனுப்பினேன்? உனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

ஈபோ ஏன் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை? பெரிய ஆளாகிவிட்டானா?

அன்புடன்,
எக்குவா


செகொண்டி
13 ஜூலை 1997

எக்குவா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து வெகு நாளாகிறது. எண்ணெயும் வந்தது. இன்னும் திறக்கவில்லை. உங்கள் உடம்பு தேறியதாக எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். எனக்கு இருமல் திரும்பிவிட்டது.

ஈபோ பற்றித்தானே கேட்டீர்கள்? முதல் ஆட்டம் ஒபுவாசிக்காரர்களோடு. கொட்டுகிற மழை. செம்மண் சேற்றில் பந்து நகரவே இல்லை. முதல் பாதியில் அவன் யார் கண்ணுக்குமே தெரியவில்லை. இரண்டாம் பாதியில் ஒரு பந்து துள்ளி அவன் இடது காலுக்கு வந்தது. அவ்வளவுதான். கோல்கீப்பர் நின்ற இடத்திலேயே நின்றான். பையன்களெல்லாம் ஓடிவந்து அவன்மேல் விழுந்தார்கள். அவன் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். "இந்த வயதிலேயே இவ்வளவு கர்வமா" என்று பத்திரிகைக்காரன் எழுதினான். அதன்பிறகும் கோல் போட்டுக்கொண்டுதான் இருக்கிறான். பெரிய அணிக் கோச்சுக்கு அவனைப் பிடித்திருக்கிறது.

இப்போது அவன் கிளப் விடுதியில் தங்கியிருக்கிறான். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஃபீஃபியின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது. தடி ஊன்றி நடக்கிறான்.

கடவுள் திருத்தி எழுதியதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மான்சா கண்ணில் படாமல் அந்தக் கடிதத்தை மறைத்து வைத்திருக்கிறேன்.

குவாமினா


திரெஷ்வில்
27 ஜூலை 1997

குவாமினா,

நான் உயிரோடு இருக்கிறேன். உன் இருமலுக்கு மருந்து குடி.

விடுதியா? வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டானா என் பிள்ளை? கோல் மேல் கோல் போடுகிறவனுக்குப் படுக்க ஒரு பாய் இல்லையா உன் வீட்டில்?

எனக்கு இது முன்பே தெரியும், உன் கடிதம் உறுதிப்படுத்தியது, அவ்வளவுதான். மீன் வாங்கச் செகொண்டிக்கு வந்த என் பக்கத்துக் கடைக்காரி எஃபுவா டாவ்சன் ரயில் நிலையத்துப் பக்கம் ஈபோவைப் பார்த்திருக்கிறாள். தனியாக உட்கார்ந்து சோளமாவுக் கெங்கி உருண்டை தின்றுகொண்டிருந்தானாம். "ஏன்டா, உன் அத்தை வீட்டுல அடுப்பு எரியலையா?" என்று கேட்டிருக்கிறாள். தின்றுகொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டானாம். ஊரெல்லாம் கைதட்டுகிற பிள்ளை, ரோட்டோரம் உட்கார்ந்து தின்று, கேட்டால் எழுந்து போகிறான்.

இது மான்சா வேலை. தன் பிள்ளை நொண்டியானதும் என் பிள்ளை முகத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. வயிறு எரிகிறது. நீயும் அவள் பாவாடைக்குப் பின்னால் நிற்கிறாய். அவளிடம் சொல்: எரிகிற வயிற்றோடு இருக்கிறவள் அடுத்தவள் பிள்ளைக்குச் சோறு போடாமல் இருப்பதே நல்லது.

இங்கே அபிஜானில் கிளப்புகள் இருக்கின்றன. ஆள் அனுப்பி அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். உன் மரைனர்ஸ் பிறகு யாரை வைத்துக்கொண்டு ஆடுகிறது பார்ப்போம்.

எக்குவா


செகொண்டி
17 ஆகஸ்ட் 1997

அண்ணி அவர்களுக்கு,

மான்சா எழுதுவது. நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. நாங்கள் நலமில்லை.

உங்கள் தம்பி மறைத்து வைத்த கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் படித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் உங்களுக்கு எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று பேசப் போகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் மைதானத்தில் இருந்தேன். கோல் கம்பத்துக்குப் பின்னால், தண்ணீர்க் குடத்தோடு. கமிட்டித் தலைவர் குடை பிடித்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். எதிரெதிர்ப் பக்கம் ஆடி, ஃபீஃபி ஒரு கோல், ஈபோ ஒரு கோல். உங்கள் தம்பி கோட்டோரம் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டு கத்தினார்: "யாருக்கு வேணும்னு இப்பக் காட்டுங்கடா!"

கடல் பக்கத்து மூலையில் ஃபீஃபி பந்தைத் தட்டிவிட்டான். பந்து போய்விட்டது, அண்ணி. அது வேறொருவன் காலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லோர் கண்ணும் அதன் பின்னால் போனது. அதற்குப் பிறகுதான் ஈபோ வந்தான். இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு வந்தான். சுள்ளி ஒடிக்கிற சத்தம் எனக்குக் கம்பத்துக்குப் பின்னால் கேட்டது.

தலைவர் ஓடிவந்து, "என்னப்பா ஆச்சு?" என்றார். என் பிள்ளை வாயெல்லாம் மண்ணோடு கிடந்தபடியே சொன்னான்: "குழி சார். கால் குழிக்குள்ள போயிடுச்சு." உங்கள் தம்பி அவனைப் பார்த்தார். ஈபோவைப் பார்த்தார். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, "மைதானம் சரியில்லைங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில், "ஏன்டா பொய் சொன்னே?" என்று ஃபீஃபியைக் கேட்டேன். "உண்மையைச் சொன்னா அவனைக் கிளப்பை விட்டே துரத்திடுவாங்கம்மா. அவன் எங்கே போவான்? அவனுக்கு யாரு இருக்கா?" என்றான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு இதைச் சொன்னான்.

ஈபோ வெளியே தாழ்வாரத்தில் நின்றான். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். "ஒரே பாயில படுத்தவங்கதானேடா? உன் மச்சான்தானேடா அவன்?" அப்போது அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா சொல்லி அனுப்பினாங்க அத்தை. மாமா உனக்குத் தரமாட்டாரு, நீயே எடுத்துக்கோன்னு. சாலிஃபு வந்து சொன்னான்."

அவனை அறைந்தேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். மறுபடி அறைந்தேன்.

என் அண்ணன்மார் வந்தார்கள். ஃபீஃபி அவர்கள் ரத்தம், கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. "எந்தக் குழி? வா, காட்டு" என்றார்கள். மைதானத்தில் குழி ஏது? மறுநாள் பார்க்கலாம் என்று உங்கள் தம்பி அவர்களை நிறுத்திவைத்தார். மறுநாள் காலை நான் தண்ணீருக்குப் போகும்போது பார்த்தேன். அந்த மூலையில் மண்வெட்டியோடு நின்று அவரே குழி வெட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷம் ஆடின மைதானத்தில். என் அண்ணன்மார் வந்து பார்த்தார்கள். ஈர மண் அவர்களுக்கும் தெரிந்திருக்கும். என் முகத்தைப் பார்த்தார்கள். நான், "அந்தக் குழிதான் அண்ணா" என்றேன். என் கூடப்பிறந்தவர்களிடம் பொய் சொன்னேன், உங்கள் மகனுக்காக.

அவனை நான் துரத்தவில்லை. உங்கள் தம்பி வீட்டில் அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. மைதானத்தில் வலது, இடது, ஓடு, நில் என்பதோடு சரி. அதைத் தாங்க முடியாமல் அவனே மூட்டையைக் கட்டிக்கொண்டு விடுதிக்குப் போனான். இன்றைக்கும் என் சின்னத் தங்கை கையில் அவனுக்கு மீன் பொரித்து அனுப்புகிறேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் எண்ணெய்ப் புட்டியைக் கடலில் எறிந்துவிட்டேன். இஞ்சிச்சாறு இனித்ததா, அண்ணி?

மான்சா


திரெஷ்வில்
7 செப்டம்பர் 1997

குவாமினா,

சுகம் கேட்டு எழுதத் தெரியவில்லை.

மான்சா எழுதியிருக்கிறாள். ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது, இல்லை என்றால் இல்லை என்று எழுது.

ஆமாம் என்றால் அவனை அணியிலிருந்து இறக்கு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே இறக்கு. நான் பெற்றவள், நான் சொல்கிறேன். அந்தச் சட்டையை அவன் உடம்பில் நான் பார்க்கவேண்டாம்.

எக்குவா


செகொண்டி
5 அக்டோபர் 1997

அக்கா,

ஆமாம்.

இறக்கமாட்டேன். ஏற்றச் சொல்லி எழுதினாய், இப்போது இறக்கச் சொல்லி எழுதுகிறாய். என் அணியை அபிஜானிலிருந்து நடத்தப் பார்க்காதே. அவனை வெளியே உட்கார வைத்தால் ஃபீஃபியின் கால் நிமிர்ந்துவிடுமா? இருவரையும் நான் வளர்த்தேன். ஒருவன் ஆட்டம் போய்விட்டது. மற்றவனையும் என் கையால் லாரி நிலையத்தில் மூட்டை தூக்க அனுப்பச் சொல்கிறாயா?

இன்னொன்று இருக்கிறது. மான்சாவுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது. உனக்கு மட்டும் எழுதுகிறேன், நீ தாங்கிக்கொள்.

மார்ச் மாதம் பிறந்ததுமே பெரிய அணிக் கோச்சிடம் நான் பெயரைச் சொல்லிவிட்டேன். ஈபோ. ஓடக் கற்றுக்கொடுக்கலாம், அந்த அடியைக் கற்றுக்கொடுக்க யாராலும் முடியாது. என் மகனைவிட உன் மகன் பெரிய ஆட்டக்காரன். அவ்வளவுதான் விஷயம். அந்தச் சனிக்கிழமை ஆட்டம், கமிட்டிக்காரர்கள் தாங்களும் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்வதற்காக வைத்தது. ஃபீஃபி எத்தனை கோல் போட்டிருந்தாலும் ஈபோதான் போயிருப்பான்.

மான்சாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பெற்ற பிள்ளையைத் தாண்டி மருமகனைத் தூக்கினாய் என்று அவள் பார்க்கும் பார்வையைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம் என்று இருந்தேன். உனக்கு எழுத உட்கார்ந்தேன். "உன் மகன்தான், வாயை மூடிக்கொண்டு இரு" என்று ஒரு வரி. அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்தது. என் சாவுக்கு அழ வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய். பேனாவை மூடிவிட்டேன். கிடந்து வேகட்டும் இவள், ஈஸ்டர் வரைக்கும் வேகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் உன்னை வேகவிட்டேன், நீ அவனைக் கிளப்பிவிட்டாய்.

ஈபோவிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் இனிப் பந்தைத் தொடமாட்டான்.

குவாமினா


திரெஷ்வில்
9 நவம்பர் 1997

மான்சாவுக்கு,

உனக்கு என் கையால் எழுதும் முதல் கடிதம். நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை. ஃபீஃபிக்கு வலி குறைந்ததா?

மன்னிப்புக் கேட்க என் வாய் பழகவில்லை, அதனால் நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதத்தில் ஒரு சொல் குறைகிறது. நான் சாலிஃபுவிடம், "நீயே எடுத்துக்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பவில்லை. "எப்படியாவது நீயே எடுத்துக்கோ" என்றேன். என் பிள்ளை அந்தச் சொல்லை உன்னிடம் மறைத்திருக்கிறான்.

குவாமினா மார்ச்சிலேயே ஈபோ பெயரைக் கொடுத்துவிட்டானாம். உன்னிடம் சொன்னானா? எனக்கு மட்டும் என்று எழுதியிருந்தான். அவன் வாயடைப்பும் என் வாய்க்கொழுப்பும் சேர்ந்து செய்தது போதும். இனி ஒளித்து வைக்க என்னால் ஆகாது. தெரிந்துகொள்.

நான் அங்கே வரலாமா? நீ வேண்டாம் என்றால் எலுபோ எல்லையைத் தாண்டமாட்டேன்.

எக்குவா


செகொண்டி
7 டிசம்பர் 1997

அண்ணி அவர்களுக்கு,

கேட்டீர்கள், சொல்கிறேன். ஃபீஃபிக்கு வலி குறைந்துவிட்டது. கால் கொஞ்சம் குட்டை. இனி ஆட முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கம் இல்லை. உங்கள் தம்பிக்கு இருமல். மருந்து கொடுக்கிறேன், சோறு வைக்கிறேன், பேச்சு வைப்பதில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று, நாங்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அந்த மார்ச் மாதத்து வரியை மட்டும் அப்படியே உரக்கப் படித்தேன். "இது நெஜமா?" என்று கேட்டேன். உங்கள் தம்பி கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஃபீஃபி என்னைப் பார்த்தான். "அப்போ அன்னிக்கு நான் சும்மாதான் ஓடினேனாம்மா?" என்றான். சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை. சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "எங்கேடா?" என்றதற்கு, "அவனுக்கும் தெரியட்டும்" என்றான். பின்னாலேயே போனேன். விடுதி வாசலில் ஈபோ ஷூவுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தான். எல்லாப் பையன்களும் பார்க்க, ஃபீஃபி அவன் முன்னால் போய் நின்றான்.

"டேய், அந்த இடம் ஏற்கெனவே உன்னுதுதான்டா! அப்பா முன்னாடியே உன் பேரைக் கொடுத்துட்டாரு. நீ சும்மா நின்னிருந்தாலே போதும்டா, முட்டாளே!"

ஈபோ எழுந்து நின்றான். புரியவில்லை அவனுக்கு. புரிந்தபோது முகம் சாம்பலாகிவிட்டது. ஃபீஃபி தடியால் அடித்தான். தோளில், முதுகில், வாயில். தடி உடைந்தது. உடைந்ததும் ஊன்ற ஒன்றுமில்லாமல் இவன் விழப் போனான், அவன் பிடித்துக்கொண்டான். "கையை எடுடா" என்று இவன் கத்தினான். அவன் எடுக்கவில்லை. தெரு நெடுகத் திட்டிக்கொண்டே வந்தான் என் மகன், உதட்டில் ரத்தத்தோடு அவனைத் தாங்கிக்கொண்டே வந்தான் உங்கள் மகன். என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நான் கதவைத் திறந்தேன். உள்ளே வரச் சொல்லவில்லை. கதவைத் திறந்தேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போகமாட்டேன் என்று ஈபோ எங்கள் வீட்டுப் பாயில் சுருண்டு கிடந்தான். ஃபீஃபி அவன் முதுகில் ஒரு உதை விட்டான், நல்ல காலால். "நீயும் ஆடலைன்னா என் காலுக்கு யாருடா பதில் சொல்றது? எந்திரி நாயே." எழுந்து போனான். ஆடினான். கோல் போடவில்லை. அன்றைக்குத் தோற்றோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். என் அண்ணன்மாரிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்வேனா என்றும் தெரியாது. படி ஏறும்போது ஃபீஃபியின் கால் எழுப்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் உங்கள் பெயரைத்தான் சொல்கிறேன். நல்ல விதமாகச் சொல்வதில்லை.

வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாருங்கள். துணி, எண்ணெய், பரிசு எதுவும் கொண்டுவராதீர்கள். உங்களைத் திட்ட எனக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. காகிதத்தில் எழுதிக் கட்டுப்படியாகவில்லை. நேரில் வந்து, என் எதிரில் உட்கார்ந்து, முழுவதையும் கேளுங்கள்.

மான்சா